தூங்குகிறவர்களிடம் ஓட்டு

நெய்வேலிக்குப் பக்கத்து ஊரில் செவ்வந்தி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றாள். பிரச்சாரம் அவள் கணவன் பாவாடையின் பொறுப்பு. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவனுக்கு, நைட் ஷிப்டு முடிந்து பகலில் தூங்குகிறவர்களின் அருமை தெரியும். எதிராளி ஆட்டோவில் மைக் கட்டி அலறவிட்டார். பாவாடையோ கடைசி மூன்று வாரமும் வாசல் வாசலாகப் போய், கும்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தான். ஊரே மெச்சியது.

வாக்குப்பதிவன்று, ஷிப்டு முடிந்து நேரே வரிசைக்கு வந்த வேணு சொன்னார்: "எங்க வூட்டு அஞ்சு ஓட்டும் உனக்குத்தான் பாவாட. ஆமா, உங்க சின்னம் இன்னா?"

மூன்று வாரமாக வாய் திறக்காதவனுக்கு அப்போதுதான் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்திலேயே போலீஸ்காரர் நின்றார். வாக்குச்சாவடி வாசலில் சின்னத்தைச் சொன்னால் கேஸ்.

பாவாடை கும்பிட்டான்.