லுத்மிலா என்று எனக்குப் பெயர்

முதலியார்பேட்டையில் என் பெயரை ஒழுங்காகச் சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லுத்மிலா. பஞ்சாலையில் சங்கத் தலைவராக இருந்த அப்பா வைத்த ரஷ்யப் பெயர். ‘லூத்’ என்றால் மக்கள், ‘மில்’ என்றால் பிரியம். மக்களுக்குப் பிரியமானவள் என்று, ஆலை வாசல் கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு விளக்குவார். புரட்சியில் பிறந்த பெயர் என்றும் சேர்த்துக்கொள்வார். கைதட்டல் காதைப் பிளக்கும். வீட்டுக்கு வந்ததும், குழம்பில் உப்பில்லை என்று அம்மாவைக் கன்னம் பழுக்க அறைவார்.

அம்மாவுக்கு ஒரு பல் அப்படித்தான் போனது. படிக்கட்டில் விழுந்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள். எனக்கு அந்த மனிதரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். ஆலையை மூடிய பிறகு அடி இன்னும் கூடியது. கைதட்ட ஆளில்லாத கோபத்தையும் அம்மாதான் வாங்கிக்கொண்டாள்.

நான் கல்லூரியில் படித்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் செல்போனில் என் பெயரைத் தேடினேன். பொருள் அப்பா சொன்னதேதான். ஆனால் பெயர் புரட்சிக்கு ஆயிரம் வருஷம் மூத்தது. அந்தப் பெயரோடு வாழ்ந்த ஓர் அரச குடும்பத்துக் கிழவியை, மருமகள் ஆளனுப்பி, அவள் முக்காட்டாலேயே கழுத்தை நெரித்துக் கொன்றிருக்கிறாள். செத்தவளைப் புனிதராக்கிக் கும்பிடுகிறார்கள். அப்பாவைச் சீண்டவேண்டும் என்றே சத்தமாகப் படித்தேன்.

அம்மா சிரித்துவிட்டாள்.

“ஊரெல்லாம் சாமி இல்லன்னு பேசிட்டு, வூட்டுல சாமிக்கு சோறு போட்டு வளத்திருக்கீங்க.”

அப்பா தட்டை எட்டி உதைத்தார். தோளில் கிடந்த துண்டை அம்மாவின் கழுத்தில் போட்டு முறுக்கினார். அவள் கால்கள் தரையில் அடித்துக்கொண்டன. முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. நான் படித்துக் காட்டியதைத்தான் செய்கிறார் என்று உறைத்தது. அடுப்படியில் இருந்த தோசைக்கல்லை எடுத்து அவர் முழங்கையில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. துண்டு நழுவி விழுந்த பிறகும் இன்னோர் அடி அடித்தேன். அது ஆசைக்கு அடித்தது.

அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்தார். இருமி இருமி மூச்சு வாங்கிய அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். குடித்து முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இத்தன வருஷம் எங்கடி இருந்த?”

பக்கத்து அறையில்தான் இருந்தேன். அப்பா கை ஓங்கும்போதெல்லாம் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன்.