சொல்ல வாய் திறந்தேன்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நம் சபையில் எனக்கிருக்கும் ஒரு நற்பெயரை நானே திருத்த வேண்டியிருக்கிறது. எவ்வளவு அடித்தும் நண்பனைக் காட்டிக்கொடுக்காதவர் என்று என்னைச் சொல்வார்கள். நானும் இதுவரை மறுத்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தாம்பரத்தில் முதுகலை மாணவன்; தடைசெய்யப்பட்ட ஓர் இயக்கத்தில் இரகசியமாக இருந்தேன். தோழன் மணி செம்பாக்கத்தில் ஒரு வீட்டில் தலைமறைவாக இருந்தான். பிடிபட்டால் சுட்டுவிடுவார்கள் என்று அஞ்சினோம்.

ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் ஜெபக் குறிப்புகளைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். "ஒளிந்து வாழும் என் நண்பனின் உயிருக்காக" என்று எழுதி, கையொப்பமிட்டு, கூட்டத் தலைவர் அருள் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் காவல்துறை உதவி ஆய்வாளர் என்பதை அறிவேன். ஆனால் எனக்கு ஜெபிக்கக் கற்றுத் தந்தவரும் அவரே.

செவ்வாயன்று என்னைப் பிடித்தார்கள். விசாரணை அறையில் அவரே அமர்ந்திருந்தார். மேசைமேல் என் சீட்டு.

"ஜெபிக்கத்தானேண்ணா குடுத்தேன்?"

"ஜெபிச்சேன் தம்பி. அதான் நீ உயிரோட இருக்க. அவன் எங்க?"

அருகில் நின்ற காவலர் சிரித்தார். "இன்னா சார், சர்ச்சு பையனா? ஒரு பாட்டு பாடச் சொல்லு, அட்ரஸு தானா வந்துரும்."

அண்ணன் என்னை அடிக்கவில்லை. எங்கே அடித்தால் போதும் என்று அந்தக் காவலரிடம் மட்டும் சொன்னார்.

"ஆண்டவரே, என் வாயை அடைத்துவிடும்" என்று ஜெபித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் நண்பகலில் அந்த ஜெபத்தையும் விட்டுவிட்டேன்.

"சொல்லிடறேண்ணா."

அவர் பேனாவைத் திறந்தார். தெருவின் பெயரைச் சொல்ல வாய் திறந்தேன். குரல் எழவில்லை. மீண்டும் முயன்றேன். மயங்கி விழுந்தேன்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் கண் விழித்தேன். முந்தைய நாள் மாலைதான் என் கைதுச் செய்தி மணியை எட்டியதாம், உடனே தப்பிவிட்டான். தண்ணீரில்லாமல் தொண்டை அடைத்துவிட்டது என்றார் மருத்துவர். இருக்கலாம். நான் வாதாடவில்லை.

வழக்கு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இயக்கத்தை விட்டு ஆண்டவரிடம் திரும்பினேன். அருள் அண்ணனோ அடுத்த ஞாயிறும் வாலிபர் கூட்டத்தை நடத்தினார். பல ஆண்டுகள் அவர் முகத்தைப் பார்க்க மறுத்தேன். அவரைத் துரோகி என்று எண்ணும்போதெல்லாம், "சொல்லிடறேண்ணா" என்ற என் குரலும் கேட்கும்.

மணிக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவனிடம் போன வாரந்தான் உண்மையைச் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அன்றைய மௌனம் என்னுடையதன்று. நான் கைவிட்ட ஜெபத்தை ஆண்டவர் கைவிடவில்லை. ஜெபிக்கவும் திராணியற்றுப் போனவர் நம்மில் எவரேனும் இருந்தால், அந்த ஆண்டவரை நம்புங்கள்.