மூன்று தரம் கூவிய பூசணிக்காய்

கடிகாரம் எட்டு மணி காட்டும். வெளியே கோழிகூடக் கூட்டை விட்டு இறங்கியிருக்காது. ஜப்பான்காரன் கோலாலம்பூருக்கு வந்ததும் எங்கள் கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்துவிட்டான். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது. சூரியனுக்கு மட்டும் யாரும் உத்தரவு போடவில்லை. அது பழையபடி தன் நேரத்துக்குத்தான் வந்தது. ஆகையால் ஞாயிறு எட்டு மணி ஆராதனைக்குப் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பிலிருந்து இருட்டில் தட்டுத்தடுமாறிப் போவோம். விளக்குக்கு எண்ணெய் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியாமலே முதல் பாட்டு முடிந்துவிடும். அயலானை நேசிக்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது, முகம் தெரியாதே. விடிந்த பிறகுதான் தொல்லை ஆரம்பிக்கும்.

இப்போது சண்டை முடிந்து கடிகாரத்தைத் திரும்பச் சரியாக வைத்துவிட்டார்கள். தபால் வருகிறது. நாசரேத்துப் பக்கத்திலிருந்து என் தங்கை எழுதுகிறாள்: ஊருக்குக் கப்பல் விடப்போகிறார்களாமே, நீயும் அத்தானும் ஏன் இன்னும் பெயர் கொடுக்கவில்லை என்று. நியாயமான கேள்விதான். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பூசணிக்காய் என்று எழுதினால் அக்காவுக்குப் பசியில் மூளை கலங்கிவிட்டது என்பாள். அதனால் அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரிலிருந்து கப்பலேறும்போது முந்தானையில் கொஞ்சம் பூசணி விதை முடிந்து கொண்டுவந்தேன். வருஷா வருஷம் காயிலிருந்து விதை எடுத்து வைத்து, வீட்டுக்குப் பின்னால் போட்டு வளர்த்தேன். ஜப்பான் காலத்தில் ஒரே ஒரு கொடிதான் பிழைத்தது. அந்தக் கழுதைக் கொடியும் வேலி ஏறி, அடுத்த வீட்டு நவமணியின் பக்கம் போய் ஒரே ஒரு காய் காய்த்தது. நவமணியின் புருஷன் சாலமோன் என் வீட்டுக்காரரைப் போலவே ரயில்வேயில் வேலை பார்த்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே அந்தப் பலகை வேலி ஒன்றுதான்.

"ஏட்டி, வேர் எங்க இருக்குன்னு பாரு!" என்று நான் கத்தினேன்.

"வேரையா குழம்பு வைக்கப்போறீங்க? நீங்க வேரை எடுத்துக்கோங்கக்கா. காயை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் அவள்.

அத்தோடு பேச்சு நின்றது. கொஞ்ச நாளில் சாலமோனைத் தண்டவாளம் போட வேண்டுமென்று சயாமுக்குக் கொண்டுபோனார்கள். நவமணி இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அழுதது வேலி தாண்டிக் கேட்டது. நான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என் வீம்பு அப்படிப்பட்டது.

நம் ஊர் அறுப்பின் பண்டிகை ஏலம் உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு வந்த காணிக்கைப் பொருளை ஏலம் விடுவார்கள். ஓரணா எலுமிச்சம்பழத்தை மைத்துனனுக்கு விட்டுக்கொடுக்காமல் ஐம்பது ரூபாய்க்கு எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர்கள் நாம். அந்த வழக்கத்தைக் கடல் கடந்தும் கொண்டுவந்திருக்கிறோம். ஆனால் அந்த வருஷம் காணிக்கை என்று வந்ததெல்லாம் மரவள்ளிக்கிழங்கு. பீடத்துக்கு முன்னால் ஒரே கிழங்கு மலை. அதன் உச்சியில், அந்த அரையிருட்டிலும் மகாராணி மாதிரி, என் பூசணிக்காய்! நவமணி அதைப் பறித்துக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டாள். என்ன சாமர்த்தியம் பாருங்கள். அவளோடு மல்லுக்கு நிற்கலாம். ஆண்டவரிடம் போய் வேர் யார் பக்கம் என்று வாதாட முடியுமா? ஏலத்தில் எடுப்பது ஒன்றுதான் வழி. என் வீட்டுக்காரரின் சம்பளத்தை முழுசாகக் கொட்டுவது என்று முடிவு பண்ணிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எங்கள் சபை ஐயர் மெலிந்த மனுஷர். காற்றடித்தால் அங்கிதான் அவரைத் தாங்கி நிற்கிறதோ என்று தோன்றும். அன்று தேவ அன்பைப் பற்றிப் பிரசங்கம்.

"நாம நல்லவங்கன்னு பார்த்தா ஆண்டவர் நம்மளை நேசிச்சார்? வேர் யார் பக்கம், காய் யார் பக்கம்னு அவரு பார்த்திருந்தா நமக்கு ஒண்ணுமே கிடைச்சிருக்காது" என்றார்.

யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்! இருட்டில் யார் முகமும் தெரியவில்லை, நல்லவேளை.

பிரசங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் ஐயர் இன்னொரு குண்டைப் போட்டார். "இந்த வருஷம் ஜப்பான்காரன் அடிச்ச வாழைமர நோட்டு வேண்டாம். அது அடுப்பெரிக்கக்கூட உதவாது. அன்பாலே ஏலம் கேளுங்க. யாருக்கு என்ன செய்வீங்கன்னு சொல்லுங்க. எது பெரிய அன்போ, அதுக்குப் பொருள்."

கிழங்கெல்லாம் சின்னச் சின்ன அன்புக்குப் போயிற்று. ஒருவர் விதவை வீட்டுக் கூரைக்கு அத்தாப்பு ஓலை வேய்ந்து கொடுப்பதாகச் சொன்னார். ஒருவர் மாமியாரை இனி வாயாடி என்று சொல்வதில்லை என்றார். கடைசியில் கோயில்பிள்ளை தேவசகாயம் என் பூசணிக்காயைத் தூக்கினார். மணி அடிப்பதிலிருந்து ஏலம் கூவுவதுவரை கோயிலில் எல்லாம் அவர்தான்.

"கண்ணு தெரியாத யோபு பெரியவருக்கு ஒரு மாசம் தண்ணி எடுத்துக் கொடுக்கிறேன்!" என்றேன்.

"ரெண்டு மாசம். துணியும் துவைச்சுத் தரேன்" என்று பின்னாலிருந்து நவமணியின் குரல்.

"என்கிட்ட இருக்கிறது ஒரே வேட்டிதானே தாயி! துவைச்சா நான் எதைக் கட்டுவேன்?" என்று யோபு பெரியவர் பதறினார். கோயிலே சிரித்தது.

"ஆஸ்பத்திரில கிடக்கிற நம்ம சபைக்காரங்களுக்கு வாரா வாரம் கஞ்சி கொண்டுபோறேன்" என்று நான் ஏற்றினேன்.

அவள் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "என்கூட ஒருத்தங்க பேசுறதில்ல. அவங்களை என் வீட்டுக்குக் கூப்பிட்டு, இதே காயைக் குழம்பு வச்சு, என் கையாலே சோறு போடுறேன்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாழாய்ப்போன சூரியன் அதற்குள் நன்றாக ஏறியிருந்தது.

"ஒரு தரம்!" என்றார் தேவசகாயம்.

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. என்னை நேசித்தே என் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு போவதா? அவள் கையால் நான் சாப்பிடுவதா?

"ரெண்டு தரம்!"

"நிறுத்துங்க!" என்று எழுந்தேன். "அவ புருஷன் சயாம்லருந்து திரும்பி வர்ற வரைக்கும் அவளுக்கும் பிள்ளைகளுக்கும் தினம் நான் சோறு போடுறேன்!"

என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு தரம்!" என்று தேவசகாயம் அலறிய பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. நவமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வாசலில் ஒரு சீன அப்பே, காய்கறி விற்கிற கிழவர், கையில் நோட்டுக் கட்டோடு நின்றிருந்தார். பூசணிக்காயைக் காட்டி "பெராப்பா?" என்று விலை கேட்டார். தேவசகாயம் தமக்குத் தெரிந்த மலாயில், பணம் வேண்டாம், எதிரிக்குத் தினமும் சாப்பாடு போடணும், அதுதான் விலை என்று கையைக் காலை ஆட்டி விளக்கினார். அப்பே காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மஹால் லா!" என்று தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டினார். விலை அதிகமாம். அன்றைய பிரசங்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

ரயில்வேயில் அளக்கிற அரிசி இரண்டு பேருக்கே காணாது. கிழங்கைப் போட்டுக் கஞ்சியைப் பெருக்கி, வேலிச் சந்து வழியாகச் சட்டியைத் தள்ளிவிடுவேன். பேச்சு கிடையாது. அதை அன்பு என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சபைக்கு முன்னால் சொல்லிவிட்டோமே என்கிற ரோஷம். ஒருநாள் சட்டி திரும்பி வரும்போது குரலும் வந்தது.

"உப்பு போடலையாக்கா?"

"அன்புக்கு உப்பு வேற போடணுமாக்கும்!" என்றேன். மறுநாள் போட்டேன்.

பிறகு எனக்கு மலேரியா வந்தது. கண் விழித்துப் பார்த்தால் என் அடுப்பில் நவமணி. "ஏலம் எடுத்தது நான்! நீ எதுக்குடி சமைக்கிறே?" என்று பாயில் கிடந்தபடி கத்தினேன். "பேசாம படுங்கக்கா. குளிர்க்காய்ச்சல்காரிக்கு ஏலம் ஒரு கேடா?" என்று அதட்டினாள். விறகு இல்லாமல் வேலிப் பலகையைப் பிடுங்கி எரித்துக்கொண்டிருந்தாள். நான் தடுக்கவில்லை. அந்த வேலி பிறகு திரும்ப எழும்பவே இல்லை. கடவுளின் அன்பு முதலில் வந்தது, நாம் பின்னால் வந்தோம் என்று ஐயர் சொல்வார். என் விஷயத்தில் முதலில் வந்தது வாய், அப்புறம் பானை. அன்பு கடைசியில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. ஆண்டவர் என் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இப்போது வடக்கே இருந்து ரயில் வரும் நாளெல்லாம் நாங்கள் ஸ்டேஷனில் நிற்கிறோம். சயாமிலிருந்து திரும்புகிறவர்கள் எலும்பும் தோலுமாய் இறங்குகிறார்கள். சாலமோனைத் தெரியுமா என்று கேட்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர் வராவிட்டால் என்ன என்று ஏலத்தில் யாரும் பேசவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நவமணியிடம் மட்டும், "உன் புருஷன் சீக்கிரம் வரட்டும்டி, உனக்கு ஆக்கிப்போட்டே என் கை தேய்ஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் சிரித்துவைக்கிறாள்.

நேற்றும் நின்றோம். எதிர்ப் பிளாட்பாரத்தில் கிள்ளானுக்குப் போகும் ரயில். கப்பல் துறைமுகத்துக்கு அதில்தான் போக வேண்டும். நம் ஊர்க்காரர்கள் சிலர் தகரப்பெட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். கப்பலுக்குப் பெயர் கொடுக்கத் துறைமுகத்துக்கே போகிறவர்களாம். என் வீட்டுக்காரர் அந்த ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன், பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? நவமணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நீங்க போங்கக்கா. அண்ணனும் எத்தனை நாளைக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பாரு? நான் ஐயர்கிட்டே சொல்லி ஏலத்தை ரத்து பண்ணிடுறேன் லா."

"மூணு தரம் சொல்லியாச்சுடி. நாலாவது தரம்னு ஒண்ணு கிடையாது" என்றேன்.

கிள்ளான் ரயில் கிளம்பிப் போயிற்று. வடக்கு ரயில் இன்னும் வரவில்லை. சாலமோனின் பங்கையும் சேர்த்துப் பூசணிக்காய்க் குழம்பு வைத்திருந்த தூக்குச்சட்டி கனத்தது. மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.