தொண்ணூற்றெட்டு டிகிரி

அமிர்தவல்லி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இது மணமேல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிற அந்த நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள்வரை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் வந்து மாட்டியவர் குணசேகரன் ஒருவர்தான். அவர் மேலிடத்திலிருந்து பள்ளிப் பார்வைக்கு வந்த அதிகாரி.

டீச்சருக்குச் சொந்த ஊர் வல்லத்திராக்கோட்டை. காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து, அறந்தாங்கியில் மாறி, பள்ளிக்கு வந்து இறங்கும்போது பாதி உயிர் போயிருக்கும். மீதி உயிரை வைத்துக்கொண்டு ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புக்கும் அறிவியல் மொத்தத்தையும் அவர் ஒருவரே நடத்த வேண்டும். திங்கட்கிழமை அணு, செவ்வாய்க்கிழமை மண்புழு, புதன்கிழமை மின்சாரம், வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர். பிரம்மாவுக்குக்கூடப் படைப்பு ஒன்றுதான் வேலை. பதினெட்டு வருடமாக இதே பள்ளி, இதே இரண்டு பஸ்.

அந்த வருடம் ஒரு நல்ல சேதி இருந்தது. தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் டீச்சரின் பெயர் வரவேண்டிய முறை. வல்லத்திராக்கோட்டையில் அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியிலேயே இடம் காலியாகப்போகிறது. நடந்தே போகலாம். முட்டிவலிக்காரிக்கு அது சொர்க்கவாசல்.

இந்த நேரம் பார்த்துத்தான் சத்யபிரியா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். ஏழாம் வகுப்பு, இரண்டாம் பருவம், வெப்பம் பாடம். தண்ணீரின் கொதிநிலை நூறு டிகிரி செல்சியஸ் என்று டீச்சர் போர்டில் எழுதி முடித்திருந்தார்.

"டீச்சர், நீங்க கொதிக்க வச்சு அளந்து பாத்திருக்கீங்களா?"

குறும்புக்குக் கேட்டதில்லை. அவளுடைய அப்பா ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்ப்பவர். எதையும் அளந்து பார்த்துப் பேசுகிற வீடு அது. டீச்சர் வாயைத் திறந்தார். 'ஆமாம்' என்று சொல்லப் பார்த்தார், வாய் வரவில்லை. அவர் பார்த்ததே இல்லை. கல்லூரியில் செய்முறைத் தேர்வில் விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவீடுகளை நிரப்பி, நூற்றுக்கு நூறு வாங்கிய கூட்டத்தில் அவரும் ஒருவர். வேலைக்கு வந்த பிறகும் வருடா வருடம் பிள்ளைகளின் செய்முறை நோட்டில் 'செய்து பார்த்தோம், நூறு டிகிரி' என்று எழுத வைத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சுட வைத்ததில்லை. அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் தலைமை ஆசிரியர் சிவசாமியிடம் பீரோச் சாவியைக் கேட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் தன் நிழலைக் கண்டாலே ஒதுங்கி நடப்பவர்.

"தெர்மாமீட்டரா? ஒண்ணுதான டீச்சர் இருக்கு. ஒடஞ்சா ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். பஞ்சுக்குள்ளயே வச்சிருந்தா அது தெர்மாமீட்டர் இல்ல, பொணம்."

சத்துணவுக் கூடத்து அடுப்பில் தண்ணீர் கொதித்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் வரிசையில் வந்து வெப்பமானியைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லாமல் அவரவர் நோட்டில் எழுத வேண்டும், பேனாவால் எழுத வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. எழுதிய பிறகு பார்த்தால் ஒருத்தர் விடாமல் தொண்ணூற்றெட்டு. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தானும் பார்த்தார். சனியன், தொண்ணூற்றெட்டேதான். கடலை ஒட்டிய ஊர், மலை உயரம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

"இப்ப என்ன டீச்சர் செய்றது?" என்றாள் சத்யபிரியா.

"பாத்தத எழுதியாச்சுல்ல? இருக்கட்டும். ஏன்னு கண்டுபிடிப்போம்."

கண்டுபிடிப்பதற்குள் குணசேகரன் வந்துவிட்டார். மேலாக இருந்த நோட்டைப் புரட்டினார், சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். அடுத்த நோட்டு, அதற்கடுத்த நோட்டு, எல்லாவற்றிலும் தொண்ணூற்றெட்டு. "அத்தனை பிள்ளையும் ஒண்ணுபோலத் தப்பா எழுதியிருக்கு, காப்பி அடிச்சிருக்காங்க" என்றார். முப்பத்தொன்றும் நூறு என்று எழுதியிருந்தால் அது காப்பி இல்லை, கல்வி! இந்த நியாயத்தை எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

"புத்தகத்துல நூறுன்னு போட்டிருக்கும்மா."

"புத்தகம் தப்புன்னு நாங்க சொல்லல சார். எங்க தெர்மாமீட்டர் காட்டுனத எழுதியிருக்கோம்."

"நாளைக்கு மாத்தி எழுதிரணும்."

"மாத்த மாட்டோம் சார்."

குரல் இறங்கியிருந்தது. சிவசாமி இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். நான்காம் நாள் மெமோ வந்தது. பாடநூலுக்கு முரணான தகவலைக் கற்பித்ததற்கு ஏழு நாளில் விளக்கம் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மெமோ நிலுவையில் கிடந்தால் பட்டியலில் பெயர் ஏறாது என்பது டீச்சருக்குத் தெரியாததில்லை.

"பேனாவுல எழுதுனதுனால என்ன, இங்க் ரப்பர் இருக்கு டீச்சர். ஒரு மணி நேர வேலை" என்று கெஞ்சினார் சிவசாமி. டீச்சர் அந்த மெமோவை ஏழாம் வகுப்புக்கு எடுத்துப்போய் மேசையில் விரித்து வைத்தார்.

"தெர்மாமீட்டர் தப்பாக் காட்டுதா, நாம தப்பாப் பாத்தமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது? சொல்லுங்கத்தா, சொல்லுங்கடா."

பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் ஐஸில் வந்து நின்றது. உருகுகிற ஐஸ் சுழியம் காட்ட வேண்டும், காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். மறுநாள் சத்யபிரியாவின் அப்பா மீன் பெட்டியில் ஒரு பாளம் ஐஸ் கொண்டுவந்து இறக்கினார். உடைத்து வாளியில் போட்டு வெப்பமானியைச் செருகினார்கள். சுழியத்துக்குக் கீழே ஐந்து!  டீச்சர் வெப்பமானியை உருவித் துடைத்து மறுபடி செருகினார், அதே ஐந்து. மெமோவுக்கு என்ன பதில் எழுதுவது?

"டீச்சர், ஐஸ கழுவணும்" என்றாள் சத்யபிரியா. "பிளான்ட்ல உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள டின்ன எறக்கித்தான் ஐஸ் ஒறைய வைப்பாங்க. மேல உப்பு ஒட்டியிருக்கும், உப்பு பட்டா ஐஸு இன்னும் சில்லுன்னு எறங்கிரும். எங்கப்பா கையெல்லாம் உப்புப் பூத்துத்தான் கெடக்கும்."

பெட்டியில் மிச்சமிருந்த ஐஸை எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, உடைத்துப் போட்டார்கள். இப்போது சுழியத்துக்குக் கீழே இரண்டு. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் அதே இரண்டு. கடைசி பெஞ்சிலிருந்து வெற்றிசெல்வன் துள்ளி எழுந்தான்.

"டீச்சர், அது ரெண்டு கொறச்சுக் காட்டுது! அங்கிட்டும் ரெண்டு, இங்கிட்டும் ரெண்டு!"

அன்றைக்கு அந்த வகுப்பு போட்ட கூச்சலில் சத்துணவு அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். டீச்சர் அழுதார். அறிவியல் வகுப்பில் அவர் அழுதது அதுதான் முதல் முறை, அதை மறைக்கவும் இல்லை. பிள்ளைகள் நோட்டில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே ஐஸ் கதையையும் எழுதி, 'எங்கள் வெப்பமானி இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிறது, எனவே சரியான கொதிநிலை நூறு' என்று முடித்தார்கள். அதையே டீச்சர் இரண்டு பக்க விளக்கமாக எழுதி அனுப்பினார்.

குணசேகரன் சிரித்த முகத்தோடு மறுபடி ஏழாம் வகுப்புக்கு வந்தார். விளக்கத்தைப் படித்திருந்தார். மெமோவின் அலுவலகப் பிரதியும் கையில் இருந்தது.

"அப்ப நூறுதானம்மா! இதத்தான நானும் சொன்னேன். அந்தத் தொண்ணூத்தெட்ட அடிச்சிட்டு நூறுன்னு மட்டும் எழுதச் சொல்லுங்க. மெமோவ இங்கயே கிழிச்சுப் போட்டுர்றேன். பட்டியல் போற நேரம், ஒங்களுக்கும் நல்லதுதான்."

மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டீச்சருக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து போகிற பாதை கண்ணில் வந்தது. அதிகாலை அவசரம் இல்லை, அறந்தாங்கி நெரிசல் இல்லை, முட்டிக்குத் தைலம் இல்லை. ஆசையாக இருந்தது. ரொம்பவே ஆசையாக இருந்தது. முப்பத்தொரு பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தொண்ணூத்தெட்ட அடிச்சா, இதுங்க கழுவுன ஐஸுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும் சார்."

"பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்காதீங்கம்மா."

"எண்ணிப் பாத்து மூணு கால் இருந்தா மூணுன்னுதான் சார் எழுதணும். நாலாவது கால் எங்க போச்சுன்னு அப்புறம் தேடலாம். தேடித்தான் கண்டுபிடிச்சிருக்குதுங்க."

பிறகு டீச்சர் உட்கார்ந்து, ஒவ்வொரு நோட்டாக வாங்கி, தொண்ணூற்றெட்டுக்குப் பக்கத்தில் 'சரி' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். இனி எவர் அழித்தாலும் அவர் கையெழுத்தையும் சேர்த்து அழிக்க வேண்டும். முப்பத்தொன்றாவது நோட்டு வரும்வரை குணசேகரன் நின்று பார்த்தார். மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பட்டியல் வந்தது. டீச்சரின் பெயர் இல்லை. அவருக்குக் கீழே இருந்த மூன்று பேருக்குக் கிடைத்தது. சிவசாமி அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கே நேர்ந்ததுபோல் புலம்பினார்.

"ஒரே ஒரு நம்பர் டீச்சர். அதுக்காகப் போயி, அநியாயமா மெமோ வாங்கிட்டீங்களே."

டீச்சர் எட்டாம் வகுப்புக்குக் கிளம்பியவர், வாசலில் நின்று திரும்பினார்.

"பதினெட்டு வருஷம் ஒரு சொட்டுத் தண்ணியச் சுட வைக்காம, செஞ்சு பாத்தோம் நூறுன்னு பொய் எழுத வச்சேன் சார். அதுக்கு ஒரு மெமோ வந்துச்சா? நல்லாசிரியர்னு சால்வைதான போத்துனாங்க."