பானெட் மேல் போட்ட கையெழுத்து

முதலாளிக்குப் பதினெட்டு வருஷம் கார் ஓட்டினேன். காலையில் அடையாறு வீட்டிலிருந்து தி. நகர் ஆபீஸ், சாயங்காலம் திரும்ப அடையாறு. ஒரு நாள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தியதும் ஆடிட்டர் காகிதங்களோடு வந்தார். பானெட் மேல் வைத்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

"கம்பெனிக்கு இன்னொரு டைரக்டர் வேணும்பா. உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யாரு இருக்கா?" என்றார் முதலாளி.

அந்த ஒரு வார்த்தையில் உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் மனைவி கேசரி கிளறி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். மந்தைவெளி ஆட்டோ ஸ்டாண்டில், "இன்னா டைரக்டரே, வடபழனில ஷூட்டிங் எப்போ?" என்று ஓட்டினார்கள். சம்பளம் அதேதான். காரைக் கழுவியதும் நான்தான். அதற்குப் பிறகும் அவ்வப்போது காகிதங்கள் வரும், போடுவேன்.

போன வருஷம் கிண்டியில் இருந்த எங்கள் கம்பெனியின் தையல் யூனிட்டைப் பூட்டினார்கள். அங்கே தைத்த பெண்களின் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. விசாரணைக்கு வரச்சொல்லி என் பெயருக்கு நோட்டீஸ் வந்தது. ஜெயில் வரைக்கும் போகலாம் என்று வக்கீல் சொன்னார். முதலாளி அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டாராம். அதை ஏற்றுக்கொண்ட கையெழுத்தும் என்னுடையதுதான்.

அடையாறு வீட்டுக்குப் போனேன். "நான் இப்ப அந்தக் கம்பெனியிலேயே இல்லையேப்பா. நல்ல வக்கீலா பாரு" என்றார் முதலாளி. காபி கொடுத்தார்கள், குடித்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. மனசு மரத்துப்போயிருந்தது. வெளியே வரும்போது காரில் தூசி படிந்திருந்ததைப் பார்த்து, துடைக்கக் கை போனது. அதற்காக இன்றும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை அன்று பி.எஃப். ஆபீஸ் வராந்தாவில் தையல் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியின் டிரைவர் என்றுதான் அவர்களுக்கு என்னைத் தெரியும். அவர்களில் வயதில் மூத்தவள் என்னைப் பார்த்ததும் நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தாள்.

"வாண்ணா, குந்து. உன்னையும் ஏமாத்திட்டானுங்களா? டைரக்டர் இன்னிக்கு வரான்னு சொன்னாங்க. அதான் பாத்துக்கினு கீறேன். அவன் மூஞ்சிய பாத்து ஒரே ஒரு கேள்வி கேக்கணும்."

அவள் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து, டைரக்டர் என்று சேர்த்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அவளும் எழுந்து என் முகத்தைப் பார்த்தாள்.

ஒன்றுமே கேட்காமல் உட்கார்ந்துவிட்டாள்.