மறைப்புக்கு என்ன செடி வைப்பது

இந்த ஊரில் யாரும் சன்னலுக்குத் திரை போடுவதில்லை. நெதர்லாந்துக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் தெருவில் நடந்தபோது, எங்கே பார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆள் உயரக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குடும்பம் உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் ஒருவர் காலை நீட்டிப் படுத்துத் தொலைக்காட்சி பார்த்தார். குனிந்த தலை நிமிராமல் வீடு வந்து சேர்ந்தேன். ஆனால் இதே மனிதர்கள் வீட்டின் பின்பக்கத் தோட்டத்தைச் சுற்றி இலை இடுக்கு தெரியாத பச்சைச் சுவர் வளர்த்து வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் தனக்கு. அந்தப் பின்பக்கத்தைப் பார்த்த அன்றுதான் இவர்களோடு எனக்கும் ஏதோ உறவு இருப்பதாகப் பட்டது.

இருபது வருடத்துக்கு மேல் இங்கே மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். வாடகை வீடுகளிலேயே ஓடிய காலம் போன வருடம் முடிந்து, சின்னதாய் ஒரு வீடு வாங்கினோம். மாசி மாதப் புயலில் தோட்டத்து மரப்பலகை வேலி சாய்ந்து விழுந்தது. "புதுப் பலகை வாங்கினால் ஒரே நாளில் அடித்துவிடலாம்" என்றார் என் கணவர். "பலகை வேண்டாம், செடிதான்" என்றேன். சொல்லும்போதே உடம்பெல்லாம் பரபரத்தது. வேலை முடிந்து வரும் வழியில் ஊரில் உள்ள வேலிகளை எல்லாம் நின்று தொட்டுப் பார்த்தேன். எது முள், எது பூ, எது பனியிலும் பச்சை என்று நோட்டில் எழுதினேன். ஐம்பது வயதுக்கு மேல் ஒருத்திக்கு இவ்வளவு ஆசை வருமா என்று கணவர் சிரித்தார். வரும். எனக்கு இது இரண்டாவது வேலி.

முதல் வேலியை வைத்தபோது நான் பத்தாம் வகுப்பு. எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து வடக்கனந்தல் போகும் பக்கம், பஸ் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. குளிப்பதற்கென்று தனி அறை கிடையாது. வீட்டோரம் ஒரு கல், ஒரு தொட்டி. அதை ரோட்டிலிருந்து மறைத்தது ஒரு பெரிய புளியமரமும் அதன் அடியில் மண்டிக் கிடந்த புதரும்தான். அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த காலம். படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தனி இடம் வேண்டும் என்று எங்கள் சாதி ஆட்கள் ஊர் ஊராக ரோட்டில் உட்கார்ந்தார்கள். வண்டி போகாமல் இருக்க மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். ஒரு காலை கோடாரிச் சத்தம் கேட்டு நானும் அம்மாவும் ஓடி வந்து பார்த்தால், எங்கள் புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. இழுத்துப் போட்டதில் புதரும் நசுங்கிப் போயிருந்தது. கோடாரியோடு நின்றவர் வேறு யாருமில்லை, அம்மாவின் தம்பி, என் ராசேந்திர மாமா.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்று அம்மா கத்தியது.

"யக்கா, ஒரு வாரத்துக்கு ரோட்டுல ஒரு வண்டி போவக் கூடாது. இது யாருக்கு? தோ, இவளுக்குத்தான். நாளைக்கி இவளுக்குக் காலேஜில எடம் வேணாமா?"

"எடம் கேளு, நான் வேணாங்கல. நாளைக்கி நானும் இவளும் எங்கடா குளிக்கிறது?"

மாமா மரத்தைப் பார்த்தார், குளிக்கும் கல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இரண்டு நாள் நாங்கள் குளிக்கவில்லை. வாசலுக்கு நேரே ரோட்டில் இருநூறு ஆண்கள் உட்கார்ந்திருந்தால் எப்படிக் குளிப்பது? மூன்றாம் நாள் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்றது. "மரத்த வெட்டுனவங்க எங்களுக்கு மறைப்பு கட்டிக் குடுத்துட்டு ஒக்காருங்க" என்றது. சிலர் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் எழுந்து, "அந்தம்மா கேக்கறது நாயந்தான்" என்றதும் சிரிப்பு அடங்கியது. நான்கு பேர் தென்னங்கீற்று கொண்டுவந்து அப்போதைக்கு ஒரு தட்டி கட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நாள் முழுக்க ரோட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு என்ன செடி வைப்பது என்று இருநூறு பேரும் வாதாட ஆரம்பித்தார்கள்.

"கிளுவக் கெளய வெட்டிப் போத்தா நட்டாப் போதும்" என்றார் ஒருவர். "வெய்யக்காலத்துல எலயெல்லாம் கொட்டிக்கினு குச்சியா நிக்கும். அப்பத்தான் நாங்க ஜாஸ்தி குளிப்போம்" என்றது அம்மா. கள்ளி என்றார் இன்னொருவர். பால் கண்ணில் பட்டால் யார் பார்ப்பது என்று கேட்டது அம்மா. கொடுக்காப்புளி என்றார்கள். ஈரத் துணியைக் கிழிக்கும் முள் வேண்டாம் என்று அதையும் தள்ளியது. எனக்குச் சிரிப்பும் பெருமையும் தாங்கவில்லை. வீட்டுக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, அன்றைக்கு நடுரோட்டில் ஒரு கூட்டத்துக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாமா, மலையடிவாரத்தில் நல்ல வேலிச்செடி கிடைக்கும் என்று மாட்டுவண்டி பூட்டினார். ரோடு முழுக்க மரம் என்பதால் வயல் வழியாகவே கல்வராயன் மலை அடிவாரத்துக்குப் போனோம். அங்கே மலைக்காரப் பெண் ஒருத்தி தன் வீட்டைச் சுற்றி வைத்திருந்த வேலி கோட்டை மாதிரி நின்றது. அம்மா கேட்டதும் அவள் இரண்டு கையாலும் அளந்து காட்டினாள். "வெளிய நொச்சி வெய்யி. உள்ள ஆடாதொட. ரெண்டுலயும் ஆடு வாய வெய்க்காது. அது ஒசரம் வர்ற வரைக்கும் உள்பக்கமா அகத்தி வெத போடு, மூணு மாசத்துல ஆள மறைச்சிடும்." வண்டி நிறையப் போத்து வெட்டி, ஒரு பிடி அகத்தி விதையும் கொடுத்தாள். திரும்பும்போது நொச்சி வாசனையின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். மாமா பாடிக்கொண்டே ஓட்டினார். அன்று மாலையே மூவரும் குழி தோண்டி நட்டோம். மறுநாள் போலீஸ் வேன் வந்து மாமாவை ஏற்றிக்கொண்டு போனது.

அவர் சிறையில் இருந்த நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு போத்திலும் தளிர் வந்தது. நான் தினமும் எண்ணினேன். அவர் இளைத்துப் போய்த் திரும்பி வந்தபோது அகத்தி என் தோள் உயரம். அம்மா அவரைத் திட்டவும் இல்லை, கட்டிப்பிடித்து அழவும் இல்லை. "உள்ள போயி குளிச்சிட்டு வா. ஒருத்தருக்கும் தெரியாது" என்று துண்டைக் கொடுத்தது. பிறகு ஒதுக்கீடும் வந்தது. அதில்தான் நான் நர்ஸிங் படித்தேன். அந்தப் படிப்புதான் என்னை இங்கே கொண்டுவந்தது. அந்தக் கோடாரிக்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

போன மாதம் செடிக்கடைக்குப் போனேன். "இலை விழவே கூடாது" என்று கடைக்காரரிடம் மருத்துவமனைப் பேச்சைத் தாண்டாத என் டச்சில் சொன்னேன். "பேக்" என்றார். பையைக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்து, நான் அவசரமாக என் தோள்பையைத் திறந்து காட்டினேன். அவர் திகைத்து, உன் பையில் எனக்கு என்ன வேலை என்பதுபோல் கையை விரித்தார். பேக் என்பது இங்குள்ள ஒரு மரத்தின் பெயராம். பனிக்காலத்தில் இலை காய்ந்தாலும் உதிராது. பழுப்பாகக் கிளையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கும், வசந்தத்தில் புதுத் தளிர் தள்ளினால்தான் விழும். கேட்டதும் எனக்குக் கைதட்டத் தோன்றியது. இப்படி ஒரு மரம் அன்றைக்கு அம்மாவுக்குக் கிடைக்கவில்லையே!

பக்கத்து வீட்டு மீக்காவிடம், "முழுக்க டிஹ்ட்டாக ஒரு வேலி வைக்கப் போகிறேன்" என்றேன். அடர்த்தியாக என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு மூடியது என்றும் பொருள் உண்டு. அவள் முகம் வாடிவிட்டது. "என் நாய் தொந்தரவு செய்கிறதா? நான் ஏதாவது தவறாகப் பேசிவிட்டேனா?" என்று கேட்டாள். பதறிப்போய் உள்ளே அழைத்து, காபி கொடுத்து, புளியமரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா ரோட்டில் போய் நின்ற இடம் வந்ததும் அவள் மேசையைத் தட்டினாள். "அப்படியானால் உன் பக்கம் தள்ளி நடாதே. எல்லைக் கோட்டின் மேலேயே நடுவோம். வேலி இரண்டு பேருக்கும் சொந்தம்" என்றாள்.

சனிக்கிழமை நட்டோம். மீக்கா குழி தோண்ட, நான் முழங்கால் உயரக் கன்றுகளை நிமிர்த்திப் பிடித்தேன். குளிரில் விரல் விறைத்தாலும் விட மனமில்லை. பாதி வேலையில் வடக்கனந்தலிலிருந்து அம்மா வீடியோவில் வந்தது. கைப்பேசியைத் திருப்பி வரிசையைக் காட்டினேன்.

"நல்லாக் கீதுடி. இன்னும் கொஞ்சம் கிட்ட கிட்ட வெய்யி" என்றது. பிறகு திரையில் முகத்தை வைத்து உற்றுப் பார்த்தது. "ரெண்டு வூடும் ஒண்ணு மாதிரியே கீதே. இதுல உன் வூடு எது?"

குனிந்து பார்த்தேன். கன்றுகளின் வரிசைக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். எந்தப் பக்கம் திரும்பிக் கை காட்டுவது என்று, ஒரு கணம், எனக்கே தெரியவில்லை.