கையால் பார்க்கிறவள்

அக்கா மாடிப்படியில் ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். இடுப்பில் ஒரு தலையணை உறை, அதற்குள் கைக்குழந்தையின் எடைக்கு மணல். தலையில் பழந்துணி மூட்டை. எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலைத் திறந்து, "என்னங்க, மணலைத் தூக்கிக் கொஞ்சறீங்க?" என்று கேட்கிறாள். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, "பிள்ளையோட சேத்துப் பஞ்சு மூட்டையும் தூக்கினா எந்தப் பக்கம் முதல்ல வலிக்குதுன்னு பாக்கறேன்" என்கிறாள். எதிர்வீட்டு ஜன்னல் மரியாதையாக மூடிக்கொள்கிறது.

என் அக்கா சரித்திர நாவல் எழுதுகிறவள். ராஜா ராணி கதை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள், தபால் பையைச் சுமந்து நடந்தவர்கள், ஆலையில் நூல் சுற்றிய பெண்கள், இவர்கள்தான் அவளுக்கு மகாராஜாக்கள். படித்தவர்கள், "கூடவே இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்காங்க" என்று சொல்வார்கள். பார்த்து எழுதவில்லை, செய்து பார்த்து எழுதினாள் என்பது வீட்டில் அவளிடம் மாட்டிக்கொண்ட எங்களுக்குத்தான் தெரியும். நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஆனால் என்னை மருந்துக் கடைக்காரர் என்று யாரும் சொல்வதில்லை, 'எழுத்தாளரம்மா தம்பி' என்றுதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் தேவலை என்றுதான் இருக்கும்.

பழைய ஆவணங்கள் வைத்திருக்கும் காப்பகத்தில் அவளுக்குத் 'தூசியம்மா' என்று பெயர். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உள்ளே போனால் சாயங்காலம் புருவமெல்லாம் வெளுத்துத் திரும்பி வருவாள். வந்ததும் செத்துப்போனவர்களோடு சண்டை. "இந்த மேற்பார்வைக்காரன் புளுகுறான்டா. எல்லாருக்கும் கூலி குடுத்தேங்கறான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்பாள். மூஞ்சியை எங்கே பார்த்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒருநாள் காலையில் எழுந்து வந்து, "மேஸ்திரி போயிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி அங்கேதான் இருக்கிறார். வாயில் பல் தேய்க்கும் பிரஷோடு அவரே வந்து கதவைத் திறந்தார். போனது நாவலில் வரும் மேஸ்திரி. அன்றிலிருந்து அக்கா யாராவது செத்ததாகச் சொன்னால், அம்மா "எந்த வருஷத்துல?" என்று கேட்டுக்கொண்டுதான் அழ ஆரம்பிப்பாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பொறுமைக்கு இன்னொரு பெயர் வேண்டுமென்றால் அவர் பெயரை வைக்கலாம். "நான் ஒருத்தன் இந்த வீட்ல இருக்கறது உங்கக்காவுக்கு இப்பத் தெரியாதுப்பா. செத்து ஒரு நூறு வருஷம் ஆகட்டும், அப்புறம் பாரு, எங்க இருக்கேன் எங்க இருக்கேன்னு தேடிக்கிட்டு வருவா" என்பார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா முயலைப் பிடித்து உட்காரவைத்துக் காலை எண்ணுகிறவள். எண்ணியது போதாதென்று தடவியும் பார்ப்பாள். யார் எதைச் சொன்னாலும், "செஞ்சு பாத்தியா?" என்ற ஒரே கேள்விதான். "கண்ணு ஏமாத்தும்டா. கையால பாரு" என்பாள்.

இப்போது வந்திருக்கும் நாவல், எங்கள் ஊர் நூற்பாலையில் எண்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த தீ விபத்தைப் பற்றியது. ஊருக்கே தெரிந்த கதை. ஒரு வாசல் பக்கம் தீ பிடித்தது. பெண்கள் எல்லோரும் மறு வாசலுக்கு ஓடினார்கள். அந்தக் கதவு திறக்கவில்லை. தீயைத் தாண்டி ஓடிய சிலரைத் தவிர மற்றவர்கள் உள்ளேயே செத்துப்போனார்கள். காவல்காரர் பூட்டிவிட்டுப் போய்விட்டார் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். சாவி அவர் பையில் இருந்தது. "நான் பூட்டலைங்க" என்று சிறையிலும் சொன்னார், வெளியே வந்தும் சொன்னார், சாகும்போதும் சொன்னார். கதவுதான் எரிந்து சாம்பலாகிவிட்டதே, யார் கேட்பார்கள்?

அவருடைய பேரன் எங்கள் ஊரில் பஸ் ஓட்டுகிறார். நல்ல மனிதர், ஓடி வருகிறவர்களுக்காக நிறுத்துவார். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு இன்றைக்கும் 'பூட்டு வீடு' என்றுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளைச் "சாவி எங்கடி?" என்று கேட்கிறார்களாம். அக்கா நாவலுக்காக அவரைப் பார்க்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"தெருவுக்குத் தெரிஞ்சது பத்தாதாம்மா? பேரு வாங்கின எழுத்தாளர் நீங்க. நீங்க எழுதிட்டா அது கல்வெட்டு. என் பேரப்பிள்ளைங்க வரைக்கும் அழியாது."

அக்கா திரும்பி நடந்தாள். வழியில் நான் பொறுக்க முடியாமல், "பாவம்க்கா, கொஞ்சம் மாத்தித்தான் எழுதேன்" என்றேன்.

"இரக்கப்பட்டுப் பொய் எழுதினா அது அவருக்கு நான் போடுற பிச்சைடா. இருக்கற ஆதாரமெல்லாம் பூட்டுன்னுதான் சொல்லுது" என்றாள். சொன்னாளே தவிர, அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாவல் அச்சுக்குப் போனது. அட்டை அச்சாகிவிட்டது, வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பேசிவிட்டார்கள். ஒருநாள் கடையில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த என்னை அக்கா வந்து இழுத்தாள். "வண்டியை எடுடா. ஒரு வரி செஞ்சு பாக்காம எழுதிட்டேன்." என்ன வரி? தீயில் மாட்டிய ஒரு பெண் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக் கதவைத் தள்ளுகிறாள். அவ்வளவுதான். இதில் செய்து பார்க்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டேன். கேட்டது என் தப்பு.

ஆலைக் கட்டடம் இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு. வாசலில் வெளிப்பக்கம் இரும்பு ஷட்டர் போட்டிருக்கிறார்கள். பழைய கல் நிலை மட்டும் அப்படியே இருக்கிறது. அக்கா உள்ளே போய் நின்று, இல்லாத கதவின் மேல் இரண்டு கையையும் வைத்தாள். கிடங்கு மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அக்கா கையை எடுத்துவிட்டு நிலையைத் தடவினாள். கதவை மாட்டும் இரும்பு முளைகள் உள்பக்கம் இருந்தன. சட்டென்று குனிந்து, அடுக்கியிருந்த பெட்டிகளைத் தள்ளி, தரையைக் கையால் துடைத்தாள். தரைக்கல்லில் வட்டத்தில் கால் பங்கு போலத் தேய்ந்த ஒரு கோடு. வருஷக்கணக்காகக் கனமான கதவு இழுபட்டு விழுந்த தடம். அதுவும் உள்பக்கம்.

அக்கா அந்தத் தூசியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளவே முடியாதுடா. இந்தக் கதவை உள்ள இழுத்தாத்தான் திறக்கும். பின்னால அத்தனை பேர் முட்டிக்கிட்டு நிக்கறப்ப முன்னால நிக்கறவ எப்படி இழுப்பா? நகராது. பூட்டின மாதிரியேதான் இருக்கும்."

தப்பி வந்த பெண்கள் எல்லோரும் கதவு அசையவில்லை என்றுதான் சொன்னார்களாம். பூட்டைக் கண்ணால் பார்த்ததாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. பூட்டு என்ற வார்த்தை விசாரணை அதிகாரி போட்டது. எண்பது வருஷமாக எத்தனை பேர் இதைப் பற்றி எழுதினார்கள், பேசினார்கள்! கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒருவர் போய்ப் பார்க்கவில்லை. என் அக்கா போனாள். எனக்கு அங்கேயே அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. கிடங்கு மேலாளர் இருந்ததால் சும்மா நின்றேன்.

பதிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரெல்லாம் சொல்லியாச்சேம்மா. அட்டை அச்சாயிடுச்சு."

"அட்டையை வச்சுக்குங்க. உள்ள இருக்கறதை நிறுத்துங்க."

கடைசிப் பகுதி முழுவதையும் அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அப்போதும் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் அதிகமாகப் போடவில்லை. "பூட்டலைன்னு என்னால நிரூபிக்க முடியாது. பூட்டினார்னு இனிமே எவனாலயும் சொல்ல முடியாது" என்று சொல்லி, அந்த அளவில்தான் எழுதினாள். விழா தள்ளிப்போனது, அந்த வருஷம் கிடைத்திருக்க வேண்டிய பரிசும் தள்ளிப்போனது. பதிப்பாளர் கொஞ்ச நாள் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. அக்காவுக்கு அதெல்லாம் காதில்கூட விழவில்லை.

புத்தகம் வருவதற்கு முன்னால் பஸ் ஓட்டுநரை வீட்டுக்கு வரச் சொன்னாள். சாயங்காலம் வேலை முடித்துச் சீருடையோடு வந்தார். இந்த முறை உட்கார மறுத்தது அவர். அக்கா நடந்ததைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என் மனசு தேறட்டும்னு சொல்றீங்க. விடுங்கம்மா, பழகிப்போச்சு."

அக்கா எழுந்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். எங்கள் வாசல் கதவும் உள்பக்கம் திறப்பதுதான். அவர் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள். "இது உங்க பையிலேயே இருக்கட்டும். பூட்டலை, நீங்களே பாத்துக்குங்க." அவர் குழப்பத்தோடு கதவை ஒருமுறை திறந்து, மூடிப் பார்த்தார். "இப்ப கதவுகிட்ட நில்லுங்க. நான் சொன்னதும் திறந்து வெளிய போகணும்" என்றாள். எங்களிடம் திரும்பி, "வீட்ல தீ. எல்லாரும் வெளிய போகணும். முட்டுங்க" என்றாள்.

முட்டினோம். மாமா கண்ணாடியைக் கழற்றி உயரப் பிடித்துக்கொண்டு முட்டினார். அக்காவின் இரண்டு மகள்களும் சிரித்துக்கொண்டே முட்டினார்கள். அம்மா, "அடியே, என் காலு, என் காலு" என்று கத்திக்கொண்டு எங்கள் எல்லோரையும்விடப் பலமாக முட்டினாள். ஓட்டுநர் கதவோடு கதவாக ஒட்டிப்போனார். முதலில் அவரும் சிரித்தார். பிடியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. தோளைக் கொடுத்து எங்களைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். பெரிய பஸ்ஸின் ஸ்டியரிங்கைத் திருப்புகிற கை அது. கதவு ஒரு விரல் அளவு அசைந்து, திரும்பவும் சாத்திக்கொண்டது. சிரிப்பு நின்றுவிட்டது. "பூட்டலையே" என்றார். இழுத்தார். "கதவு பூட்டலையே. தாத்தா... பூட்டலையே" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

அக்கா கை காட்ட, நாங்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தோம். அவர் நகரவில்லை. நெற்றியைக் கதவில் வைத்து, பிடியை விடாமல் நின்றார். முதுகு குலுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. அவருக்குக் கதவைத் திறந்துவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன்.

அக்கா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவராகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகும் வரைக்கும் அந்தப் பிடியை அவள் விடவில்லை.